அஞ்சுநாளாரின் தண்ணீர்க் கணக்கு

அந்தக் குடியிருப்பில் முந்நூற்று இருபது வீடுகள். முகம் கழுவுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், அடம்பிடிக்கும் குழந்தையை இழுத்துவைத்துக் குளிப்பாட்டுகிறவர்கள், எல்லாருடைய தண்ணீரும் குழாய் வழியே சரிவில் இறங்கி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவரை அஞ்சுநாளார் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை.

பட்டப்பெயர் அவரே தேடிக்கொண்டது. அந்தப் பக்கம் யார் வந்தாலும், வழி தவறி வந்தவராகவே இருந்தாலும், நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தாமல் விடமாட்டார்.

"நீங்க இன்னிக்குக் குளிச்ச தண்ணி இருக்கே, அது முதல்ல இந்தத் தொட்டிக்கு வரும். ஒரு நாள் நிக்கும். கசடெல்லாம் அடியில தங்கிடும். அப்புறம் இந்தக் கல் படுகைக்குள்ள இறங்கும். மேல பாத்தா தண்ணியே தெரியாது, வெறும் நாணல்தான். அடியில கல்லுக்கு நடுவுல, வேருக்கு நடுவுல மெல்ல மெல்ல நகரும். அழுக்கை வேர்ல இருக்கிற பூச்சிங்க தின்னுடும், நம்ம கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க. அந்தக் கோடிக்குப் போய்ச் சேர நாலு நாள். தொட்டியில ஒண்ணு, கல்லுல நாலு. ஆக, அஞ்சு நாள்."

கேட்டவர் தலையாட்டிவிட்டு நழுவப் பார்த்தால், "அஞ்சு நாள்" என்று முதுகுக்குப் பின்னால் இன்னொரு முறை குரல் வரும். தப்பித்தவர்கள் மிகவும் குறைவு.

இந்தக் கணக்கு அவருடையது அல்ல. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு படுகை கட்டியபோது அவர் கல் சலிக்க வந்த கூலியாள். சுண்டைக்காய்க்குக் குறையாமல், நெல்லிக்காய்க்கு மிஞ்சாமல் கல் வேண்டும், மண் ஒட்டியிருக்கக் கூடாது என்று பொறியாளர் சொல்லியிருந்தார். மண்ணோடு வந்த ஒரு லாரிக் கல்லை இவர் இறக்கவே விடவில்லை. ஓட்டுநர் கத்தினார், மேஸ்திரி கெஞ்சினார், இவர் அசையவில்லை. இப்படி ஒரு பிடிவாதக்காரன்தான் இதற்கு வேண்டும் என்று பொறியாளர் இவரையே பொறுப்பில் வைத்தார். போகும் முன் தொட்டிச் சுவரில் சாக்கட்டியால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். படுகை நாற்பத்தைந்து மீட்டர் நீளம், முப்பது அகலம், முழங்காலுக்குச் சற்று மேலே ஆழம், கல்லுக்கு நடுவே இருக்கும் சந்து இவ்வளவு, ஒரு நாளைக்கு வரும் தண்ணீர் இவ்வளவு, வகுத்தால் நாலு. முதல் மழையிலேயே சுவரில் இருந்த கணக்குப் போய்விட்டது. ஆனால் இவருக்கு அது மனப்பாடம்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டும். படுகைக்குத் தண்ணீர் நுழையும் தலைமாட்டில் குறுக்கே ஓடும் சிமெண்ட் வாய்க்காலில் முடி, நூல், பிளாஸ்டிக் என்று அடைத்திருப்பதைக் கையால் அள்ள வேண்டும். வாய்க்காலின் விளிம்பு பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒவ்வொரு பல்லிலும் தண்ணீர் ஒரே அளவாக வழிய வேண்டும். தண்ணீர் வெளியேறும் கால்மாட்டில் சின்னத் தொட்டிக்குள் வளைந்த குழாய் ஒன்று நிற்கும். அதைச் சாய்த்தால் படுகையில் நீர்மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். அதிலிருந்து விழுகிற தண்ணீர் குட்டைக்குப் போய், குட்டையிலிருந்து ஓடைக்குப் போகும். இரண்டு முனையையும் பார்த்த பிறகு அவர் படுகையின் நட்டநடுவே நேர்கோடு பிடித்த மாதிரி நடந்து திரும்புவார். இருபுறமும் களை தென்பட்டால் பிடுங்குவார். நடந்து நடந்து அந்த இடத்தில் நாணல் முளைப்பதை விட்டுவிட்டது. கால் ஈரமானபோது வெட்டிய நாணலைப் பாய் மாதிரி பரப்பிவிட்டார். விருந்தாளிகளையும் அந்த வழியில்தான் கூட்டிக்கொண்டு போவார். அதில் அவருக்கு ஒரு பெருமை, அது கிடக்கட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் மனைவி இறந்துபோனாள்.

காலையில் சண்டை. பெரிய சண்டை ஒன்றுமில்லை. டீயில் சர்க்கரை குறைவு என்று இவர் கத்தினார், இருந்ததைப் போட்டேன் என்று அவள் சொன்னாள், டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு இவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவள் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், நெஞ்சை அடைக்கிறது என்றாள். மகள் பதறிப்போய் அப்பாவுக்கு அடித்த போன் சாமான் கொட்டகையின் ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. இவரோ வாய்க்காலுக்குள் குனிந்து அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் ஓடிவந்து சொல்லி, ஈரத் துணியோடு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் கடைசியாகப் பேசியது சர்க்கரையைப் பற்றி என்றால் எந்த மனிதனுக்குத்தான் தாங்கும்.

புதன்கிழமை அடக்கம் முடிந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர் வாய் திறக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அம்மா செவ்வாய்க்கிழமை குளிச்சாளா?"

"குளிச்சாங்கப்பா. நாற்காலியில வந்து உக்காரும்போது தலை ஈரமாத்தான் இருந்துச்சு."

விரல் விட்டு எண்ணினார். "நாளைக்கு வெளிய வரும்" என்றார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அப்பாவும் மகளும் கால்மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குழாயிலிருந்து விழுகிற தண்ணீரிடம் அவர் பேசினார். சர்க்கரையை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். போனைக் கொட்டகையில் விட்டது என் தப்பு என்றார். வீட்டு விஷயம், உறவுக்காரர்கள் விஷயம், அவளுக்கு மட்டுமே தெரிந்த பழைய விஷயங்கள் எல்லாம் சொன்னார். இருட்டும் முன் "சரி, போயிட்டு வா" என்று எழுந்தார். அன்றைக்குத்தான் சாப்பிட்டார். அவருக்குக் கிடைத்த விடைபெறல் அது ஒன்றுதான். அது பிசகாமல் நடந்தது என்ற நினைப்பில்தான் இந்த மூன்று வருடத்தை ஓட்டினார். மகள் பக்கத்து ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். வந்தால் இருவரும் அந்த வாளிகளில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

இந்த நிலையில்தான் ஓடை நாறுகிறது என்று கீழே இருக்கிறவர்கள் மனு கொடுத்தார்கள். குடியிருப்புச் சங்கம் ஒரு சோதனைக்காரப் பெண்ணை வரவழைத்தது. முப்பது வயது இருக்கும். தலையில் பெரிய தொப்பி, கையில் ஒரு நோட்டு, ஒரு பெட்டி நிறையக் குப்பிகள். வியாழக்கிழமை காலை எட்டு பத்துக்கு வாய்க்காலின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பச்சைச் சாயத்தைப் பரவலாக ஊற்றினாள். நாணலுக்கும் மீனுக்கும் அது ஒன்றும் செய்யாதாம். ஊற்றிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இப்பவே உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? திங்கக்கிழமை காலைல வந்தா போதும்" என்றார் அஞ்சுநாளார்.

"இருக்கட்டும் ஐயா. பார்த்துட்டுப் போறேன்."

"நாலு நாளுக்குச் சாப்பாடு கட்டிட்டு வந்திருக்கீங்களா?"

அவள் சிரித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டாள். படித்தவர்களுக்கு நேரத்தின் அருமை தெரிவதில்லை என்று முனகிக்கொண்டே இவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

பன்னிரண்டு இருபதுக்கு அவள் கூப்பிட்டாள். வளைந்த குழாயின் வாயில் தண்ணீர் பச்சையாக விழுந்துகொண்டிருந்தது. லேசாக என்று சொல்ல முடியாது, நல்ல பச்சை.

"யாராவது கைய கழுவியிருப்பாங்க" என்றார்.

"நீங்களும் நானும்தானே ஐயா இங்க இருக்கோம்."

"சாயம் வேகமா ஓடும்போல. தண்ணி வேற, சாயம் வேற."

"தண்ணி போற வேகத்துலதான் சாயமும் போகும். அதுக்குன்னு தனியா கால் கிடையாது."

நாலு நாள் எங்கே, நாலு மணி நேரம் எங்கே. அந்தப் பெண் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு படுகைக்குள் இறங்கினாள். நடுவழியில் பரப்பியிருந்த காய்ந்த நாணலைக் குச்சியால் நெம்பித் தூக்கினாள். அடியில் கணுக்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கல்லும் இல்லை வேரும் இல்லை, தலைமாட்டில் கிளம்பி நேரே கால்மாட்டுக்கு.

"இந்த வழியா நடக்கறது யாரு ஐயா?"

"நான்தான்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரெண்டு."

அவள் குறை சொல்லவில்லை. மிதித்த இடத்தில் கல் இறுகிக் கசடு அடைத்துக்கொள்ளும், உள்ளே போக வழியில்லாத தண்ணீர் மேலே ஏறி, எங்கே தடையில்லையோ அந்த வழியாக ஓடிவிடும் என்று பொறுமையாகச் சொன்னாள். முழுத் தண்ணீரும் இப்படிப் போகவில்லை, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் ஒழுங்காகத்தான் நகர்கிறது, மூலையில் சிக்கியது பத்துப் பன்னிரண்டு நாள்கூட நிற்கும், ஆனால் பாதிக்கு மேல் ஓடுவது இந்தப் பள்ளத்தில்தான் என்றாள். பள்ளத்தைக் கொத்தி, இறுகிய கல்லை அள்ளிக் கழுவிப் போட்டு, நாணலை நட்டு, இனிமேல் ஓரமாக நடந்தால் ஒரு வருடத்தில் சரியாகிவிடும் என்றும் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மண் ஒட்டிய கல் ஒரு லாரி வந்ததற்கே அன்று அப்படி மல்லுக்கு நின்றவர், தன் செருப்பில் ஒட்டிய மண்ணை நினைத்துப் பார்க்கவே இல்லை.

கொட்டகையில் போய் உட்கார்ந்ததும் விரல் தானாக எண்ணத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை காலை குளித்த தண்ணீர். தொட்டியில் ஒரு நாள், புதன் காலை. அதற்கு மேல் நாலு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஐந்து. புதன்கிழமை மதியம் அது ஓடைக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் இவர் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை இவர் மனம்விட்டுப் பேசியது யாருடைய தண்ணீரிடமோ. கீழ் வரிசைக் கடைசி வீட்டுக்காரர் குளித்த தண்ணீராகக்கூட இருக்கலாம். அந்த ஆளோடு இவருக்குப் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது.

தனக்கு வந்ததை எப்படியோ விழுங்கிக்கொள்ளலாம். மகளிடம் என்ன சொல்வது? பெற்ற பெண்ணை நாள் முழுக்க வெயிலில் உட்கார வைத்து, இதோ உன் அம்மா போகிறாள் என்று காட்டியவர் இவர். அதை நம்பித்தானே அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வருகிறாள். வெள்ளியும் சனியும் இதே யோசனைதான். சனிக்கிழமை தண்ணீர் வண்டிக்காரர் வேண்டுமென்றே, "என்ன, எத்தனை நாள்?" என்று சீண்டினார். "போகும், போகும்போது போகும்" என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்விட்டார். உடம்பு சரியில்லையோ என்று வண்டிக்காரரே பயந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். படுகைப் பக்கம் இன்றைக்குப் போக வேண்டாம், ஒரே கொசு என்று இவர் சொல்லிப் பார்த்தார். முந்நூறு வீட்டுத் தண்ணீரோடு வளர்ந்தவளிடம் கொசுக் கதை எடுபடுமா? அவள் பாட்டுக்கு முன்னால் நடந்தாள். குட்டை இன்னும் இளம்பச்சையாகவே இருந்தது.

"என்னப்பா இது, பாசியா?"

பொய் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. வாளியில் உட்கார்ந்து, சோதனைக்காரப் பெண் வந்தது, சாயம் ஊற்றியது, நாலு மணி நேரம், பள்ளம், எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். "அம்மாவோட தண்ணி அன்னிக்கு வரல. புதன்கிழமையே போயிடுச்சு. உன்னை வீணா உக்கார வச்சுட்டேன்" என்றார்.

மகள் குட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இவருக்குச் சுருக்கென்றது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"தண்ணி அன்னிக்கே வந்துடும்னு. அம்மாவுக்கும் தெரியும்."

மனைவி வீட்டில் துணிக்குச் சாயம் தோய்த்துக் கொடுப்பவள். மகள் பத்தாவது படித்தபோது பள்ளி ஆண்டு விழா மேடைக்குத் திரைச்சீலை தோய்க்கும் வேலை வந்தது. மிஞ்சிய மெரூன் சாயம் ஒரு வாளி. வீட்டுக் குழாயில் ஊற்றினால் நாணலுக்கு ஆகாது என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். எங்கே கொட்டுவது என்று கேட்க மனைவி வாளியோடு இங்கே வந்திருக்கிறாள். இவர் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வாய்க்கால் விளிம்பில் கால் இடறி வாளி மொத்தமும் வாய்க்காலுக்குள் கவிழ்ந்துவிட்டது.

"அம்மா வீட்டுக்கு ஓடி வந்து, நாலு நாள் இருக்குடி, நாலாம் நாள் உங்கப்பாவை எப்படியாவது மாமா வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிடறேன்னு திட்டமெல்லாம் போட்டாங்க. சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் உங்களுக்கு டீ கொண்டு வந்தா, இந்தக் குழாய்ல செவப்பா ஊத்துது. நீங்க அந்தப் பக்கத்திலேர்ந்து நடந்து வந்துக்கிட்டிருக்கீங்க. அம்மா என்ன பண்ணுவாங்க? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அந்த இடத்திலேயே உக்காந்துட்டாங்க."

அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரு தலைவலிகூட வராதவள் ஐயோ வயிறு என்று சுருண்டதும், இவர் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப் போனதும், அவர் கொடுத்த கசப்பு மருந்தை அவள் மூன்று நாள் முகம் சுளிக்காமல் குடித்ததும்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நானும் அதைத்தான் சொன்னேன். ஊரெல்லாம் அஞ்சு நாள், அஞ்சு நாள்னு சொல்லிக்கிட்டுத் திரியறார், அதைக் கெடுக்க நான் ஆள் இல்ல, நீ வாயைத் திறந்தே, தோலை உரிச்சிடுவேன்னுட்டாங்க."

"அப்ப அந்த ஞாயித்துக்கிழமை? தெரிஞ்சேவா நாள் முழுக்க உக்காந்திருந்தே?"

"நீங்க நாலு நாளா வாயே திறக்கலப்பா. அன்னிக்குத்தான் பேசினீங்க. நான் தண்ணியப் பாக்கவா உக்காந்தேன்?"

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அம்மாவும் பெண்ணும் சேர்ந்துகொண்டு இத்தனை வருடம் தன்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று சத்தம் போட்டார். போட்டு முடித்த பிறகு அழுதார். நன்றாகவே அழுதார். அழுது ஓய்ந்த பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு ஊத்தினா? எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்று கேட்டார். மகளுக்கு ஞாபகம் இருந்தது. அம்மா வாளியோடு கிளம்பும்போது ரேடியோவில் ஒன்பது மணிச் செய்தி. டீ கொண்டு போனது இவள் பள்ளி விட்டு வந்ததும், நாலு மணி.

திங்கட்கிழமை காலை சோதனைக்காரப் பெண் குப்பிகளை எடுத்துக்கொள்ள வந்தாள். அஞ்சுநாளார் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தார்.

"நோட்டைத் திறங்கம்மா. இதுக்கு முன்னாடி ஒரு சோதனை நடந்திருக்கு. அதையும் எழுதிக்குங்க."

"சங்கத்துல எதுவும் நடக்கலைன்னுதானே சொன்னாங்க?"

"சங்கத்துக்குத் தெரியாது."

வருடத்தைச் சொன்னார். மெரூன் சாயம், ஒரு வாளி. போட்ட இடம் தலைமாட்டு வாய்க்கால், நேரம் காலை ஒன்பது. கால்மாட்டில் பார்த்தது மாலை நாலு.

அவள் எழுதிக்கொண்டே கணக்குப் பார்த்தாள். "ஏழு மணி நேரம். அப்பவே வழி விழுந்திருக்கு. வருஷம் போகப் போக அது நாலா குறைஞ்சிருக்கு. ரொம்ப உபயோகமான கணக்கு ஐயா இது. பார்த்தவங்க பேரு?"

அவர் மனைவியின் பெயரை முழுதாகச் சொன்னார். எழுதும்வரை பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார்.

"பக்கத்துலயே பொறுப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போடட்டும்?"

"படுகைப் பொறுப்பாளர்னு போடுங்க."

"அது நீங்கதானே ஐயா?"

"எனக்கு அஞ்சு நாள்னு சொல்லத்தான் தெரிஞ்சுது. தண்ணி எப்படிப் போகுதுன்னு பார்த்தது அவதான். அவ பேருக்கு நேரா எழுதுங்க."

அவள் எழுதினாள். அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, ஓரமாக நடந்து, நடுவழியைக் கொத்தப் போனார்.